ஆண்மைக் குறைவுக்கு எங்கே போவது: ஒரு வெள்ளி கிளினிக்கா, பாசார் மாலாம் காப்பியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், விறைப்பு சரியாக வரவில்லை என்று தவிக்கும் ஆணுக்கு வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தொங்காட் அலி வேர் கலந்த காப்பி கிடைக்கும். முகநூலைத் திறந்தால் லேகிய விளம்பரம். கடைத்தெருவில் பார்மசியும் தனியார் கிளினிக்கும் இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, பார்க்கும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க கிளினிக் இருக்கிறது. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் ஈப்போ நகரத்து நிபுணர். இத்தனை இருந்தும் பலர் முதலில் வாங்குவது காப்பியைத்தான். யாரிடமும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், அது ஒன்றே காரணம்.

நான் பார்மசியில் நிற்பவன். இந்தப் பிரச்சினையோடு வருபவரை நடையிலேயே தெரிந்துகொள்ளலாம். விட்டமின் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வருவார். பெண்கள் யாராவது இருந்தால் போகும்வரை காத்திருப்பார். அப்புறம் கோடாலித் தைலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாஸ், அந்த நீல மாத்திரை இருக்கா?" என்பார். "சீட்டு இருக்கா அண்ணே?" என்று கேட்டால், தைலத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் அடுத்து எங்கே போவார் என்பதுதான் எனக்குக் கவலை.

எந்த வழி சீக்கிரம் வேலை செய்யும் என்பதை வைத்துத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். நான் ஒப்பிடுவது வேறு கணக்கில்: எந்த இடத்துக்குப் போனால் இது ஏன் வந்தது என்று தெரியும்? இந்தக் கணக்கைப் போட்டால் வரிசை தலைகீழாக மாறிவிடும்.

ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆசை எழும்போது நரம்பு நுனிகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது உறுப்புக்குள் இருக்கும் தசையைத் தளர்த்த, இரத்தம் பாய்ந்து நிறைகிறது. நிறைந்த அழுத்தத்தில் சிரைகள் நசுங்கி, வந்த இரத்தம் வெளியேறாமல் நிற்கிறது. இந்த வாயு உடலில் செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்காக 1998-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் நோபல் பரிசு பெற்றார்கள். ஆக, விறைப்புக்கு வேண்டியவை நல்ல நரம்பு, நல்ல இரத்தக் குழாய், அலைபாயாத மனம். இந்த மூன்றில் எது கெட்டாலும் கோளாறுதான்.

நம்மவர்களிடம் முதல் இரண்டையும் ஒன்றாகக் கெடுப்பது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், பத்து மணிக்கு இன்னொன்று, வேலை முடிந்து வந்து ஒன்று என்று ஓடும் வாழ்க்கையில் இது ஆச்சரியமான செய்தியே இல்லை. செம்பனைக் குலை வெட்டுபவருக்காவது உடம்பு வேலை செய்கிறது. தோட்டத்தை விட்டு வந்து இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து காவல் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை.

அடுத்து இரத்தக் குழாய். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்பும் புகையும் இரத்த அழுத்தமும் உடம்பு முழுக்கக் குழாய்களைக் கெடுக்கும்போது, சின்னக் குழாய்தான் முதலில் அடிவாங்கும். அதனால்தான் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே படுக்கையில் பிரச்சினை ஆரம்பித்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இது வந்தால், அவர் இதயத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்தும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரைகளோ, சிறுநீரை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதையசைடோ எடுப்பவர்களில் சிலருக்கு விறைப்பு குறையும். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவதற்கு வழி இருக்கிறது. பெரிண்டோபிரில், அம்லோடிபின் போன்றவற்றால் இந்தத் தொல்லை அரிது. சம்சு சாராயம், சிகரெட், அளவுக்கு மீறிய எடை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், தைராய்டு, ஆண் ஹார்மோன் குறைவு, முதுகுத்தண்டில் அடி என்று பட்டியல் இன்னும் நீளும்.

மனம் மட்டுமே காரணமாக இருக்கும் ஆட்களும் உண்டு. பெரும்பாலும் இளைஞர்கள். விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அது நன்றாக வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வரவில்லை என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. மலிவு விலை வீட்டில், அடுத்த அறையில் அம்மா இருமிக்கொண்டிருக்க, நடுவில் இரண்டு பிள்ளைகள் படுத்திருக்க, வட்டிக்காரன் நாளைக் காலையில் வருவான் என்ற நினைப்போடு படுப்பவனுக்கு உடம்பு ஒத்துழைக்காததில் என்ன வியப்பு? ஒரு தடவை தவறினால், அடுத்த தடவை பயமே தவற வைக்கும்.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 40 முதல் 70 வயதுவரை உள்ள ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. வயது ஏற ஏறக் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வயதோடு சேர்ந்து ஏறுவது சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும்.

இப்போது காப்பிக்கு வருவோம். தொங்காட் அலி நம் காட்டு வேர். அதை வைத்துச் சிறிய ஆய்வுகள் சில நடந்திருக்கின்றன. ஆனால் சர்க்கரையால் குழாய் கெட்டவருக்கு அது தீர்வு என்று யாரும் நிறுவவில்லை. சரி, அப்படியானால் அந்தக் காப்பியைக் குடித்தவர்கள் "அரை மணி நேரத்தில் வேலை செய்யுது" என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். வேருக்கு அந்த வேகம் கிடையாது. சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இப்படிப்பட்ட பொருள்களைச் சோதித்து, சில்டெனாஃபிலோ டடலாஃபிலோ, அதாவது சீட்டுக்கு மட்டும் தரும் விறைப்பு மருந்து, கலந்திருந்ததாகப் பல தடவை எச்சரிக்கை விட்டிருக்கிறது. அதாவது, வெட்கப்பட்டு எந்த மாத்திரையைத் தவிர்த்தீர்களோ அதையேதான் காப்பியில் குடிக்கிறீர்கள். எத்தனை மில்லிகிராம் என்று விற்பவனுக்கே தெரியாது.

இதில் சாவு வரைக்கும் போகக்கூடிய ஆபத்து இருக்கிறது. இதய நோய்க்காக நாக்கின் கீழ் வைக்கும் ஜி.டி.என். மாத்திரையோ, ஐசோசார்பைடோ எடுப்பவர் உடம்பில் இந்த மருந்து சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று கீழே விழும். சில்டெனாஃபிலுக்குப் பிறகு 24 மணி நேரம், டடலாஃபிலுக்குப் பிறகு 48 மணி நேரம் அந்த நெஞ்சுவலி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. காப்பி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவர், "காப்பிதான் குடிச்சேன்" என்று சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும்?

இன்னொன்று, பக்கத்து நாட்டில் நடந்தது. 2008-இல் சிங்கப்பூரில், சர்க்கரை நோய் இல்லாத 150 பேர் சில மாதங்களுக்குள் இரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். விசாரித்தால், கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற, சர்க்கரையைக் குறைக்கும் மருந்து கலந்திருந்தது. இணையத்தில் வாங்கும் மாத்திரைக்கும் இதே கதைதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஏதாவது வாங்கி வைத்திருக்கிறீர்களா? பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணைத் தேடுங்கள். எண்களை அடுத்து 'டி' எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துப்பொருள், 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எண்ணே இல்லையென்றால் அதைக் குடிக்கவோ விழுங்கவோ வேண்டாம். எண் இருந்தால் அது உண்மையான எண்தானா என்று அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 'டி' இருப்பதால் மட்டும் நோய் குணமாகும் என்று அர்த்தமில்லை.

லேகியத்தைப் பற்றிப் பேசினால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், தெரியும். சித்த மருத்துவத்தை நான் மட்டம் தட்டவில்லை. நாடி பார்த்து, சாப்பாட்டைக் கேட்டு, சர்க்கரை இருக்கிறதா என்று விசாரித்து மருந்து தரும் வைத்தியர் வேறு. "வாலிப வயோதிக அன்பர்களே" என்று கூப்பிட்டு, சின்ன வயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்தி, கூரியரில் டப்பா அனுப்புபவர் வேறு. சுய இன்பத்தால் ஆண்மை போகாது. அந்தப் பயம் போனாலே பாதி இளைஞர்களுக்குச் சரியாகிவிடும். இந்த நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. ஆக, விளம்பரம் கண்ணில் பட்டதே சட்டத்தை மீறித்தான். 2016-இல் பாரம்பரிய மருத்துவத்துக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டது, வைத்தியர் பதிவு செய்தவரா என்று தைரியமாகக் கேட்கலாம்.

லேகியத்தில் இன்னொரு சிக்கல். வெல்லமோ சர்க்கரையோ தேனோ சேர்க்காமல் லேகியம் கிண்ட முடியாது. சர்க்கரையால் ஆண்மை குறைந்தவர், அதைத் திரும்பப் பெற, காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி இனிப்பு தின்கிறார்! பற்பம், செந்தூரம் சேர்ந்தது என்றால் உலோகத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும், முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமானவர்கள்.

பார்மசியில் நாங்கள் என்ன செய்ய முடியும்? இந்த மாத்திரைகள் 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இரத்த அழுத்தம் பார்க்கலாம், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம், நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளில் எது காரணமாக இருக்கலாம் என்று சொல்லலாம். தைலத்தோடு இதையும் கேட்டுவிட்டுப் போகலாமே.

மிச்சம் தனியார் கிளினிக்கும் அரசாங்க கிளினிக்கும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான்.

தனியாரில் மாலையில் போகலாம், கூட்டம் குறைவு, பெயரைச் சத்தமாகக் கூப்பிட மாட்டார்கள், அன்றைக்கே மாத்திரை கையில் கிடைக்கும். கூலி போகாது. இவை லேசான விஷயங்கள் இல்லை. ஆனால் மாத்திரையை மட்டும் கேட்டால் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து அங்கே உண்டு. இரத்தப் பரிசோதனைக்குத் தனியாகக் காசு என்றவுடன் நாமும், "அதெல்லாம் வேண்டாம் டாக்டர்" என்று எழுந்துவிடுவோம். அந்த ஒரு வாக்கியத்தோடு, வந்த வேலையே கெட்டுவிடும்.

அரசாங்க கிளினிக்கில் மலேசியருக்கு ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளியில் டாக்டர், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் அடக்கம். தேவைப்பட்டால் குடும்ப மருத்துவ நிபுணரிடமோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். விலை எங்கே என்றால், காத்திருப்பில். வெட்டும் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குலை வெட்டுபவருக்கு அரை நாள் போவது வயிற்றில் அடிதான். விறைப்பு மாத்திரையை வெளியில் வாங்கிக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுக்கவும் கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சிபாரிசு செய்வது இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குவழி. அரசாங்க உதவித்தொகை பெறும் பி40, அதாவது குறைந்த வருமான, குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவரா? 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், பதிந்துகொண்ட தனியார் கிளினிக்குகளிலேயே இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம், கணவனும் மனைவியும். தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டுபவர்களுக்கும் 40 வயதுக்கு மேல் இலவசப் பரிசோதனைத் திட்டம் உண்டு. முதலில் இதைச் செய்யுங்கள். முடிவு கையில் வந்த பிறகு, சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால் அரசாங்க கிளினிக்கில் பதிந்து தொடருங்கள், ஏனென்றால் அது ஆயுள் முழுக்கப் போக வேண்டிய வைத்தியம். எல்லாம் சரியாக இருந்தால் தனியாரிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். நாற்பதைத் தொடாத இளைஞர்களுக்கு இந்தத் திட்டங்கள் இல்லை, அவர்கள் ஒரு வெள்ளியோடு நேரே போகலாம்.

மாத்திரை என்று வந்தால் அங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது. சில்டெனாஃபில் 1998-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்காகச் சோதித்துக்கொண்டிருந்த மருந்து அது. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுக்க வேண்டும், நான்கைந்து மணி நேரம் நிற்கும். வயிறு நிறைய நாசி லெமாக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும். "வேலை செய்யலை" என்பவர்களில் பலர் இப்படித்தான் எடுத்திருப்பார்கள். டடலாஃபிலுக்குச் சாப்பாட்டுத் தொல்லை இல்லை, 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். சின்ன அளவில் தினமும் எடுப்பதற்கும் உண்டு, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சிரமப்படுபவருக்கு அதுவும் சேர்ந்து குறையும். சனிக்கிழமை இரவு மட்டும்தான் தனிமை கிடைக்கும் என்றால் முதலாவது போதும், செலவும் குறைவாக முடியும். மணி பார்த்துக்கொண்டு படுப்பதே பயத்தைக் கூட்டுகிறது என்றால் இரண்டாவது. மூலக் கம்பெனி மாத்திரைதான் வேண்டுமென்று இல்லை, பதிவெண் உள்ள ஜெனரிக் மாத்திரை மலிவு, உள்ளே இருப்பது அதே மருந்துதான்.

எதை எடுத்தாலும் ஆசை இல்லாமல் விறைப்பு வராது. தலைவலி, முகம் சூடேறுவது, மூக்கடைப்பு சாதாரணம். டடலாஃபிலில் முதுகு வலிக்கலாம். திடீரென்று பார்வை மங்கினாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நின்றாலோ வெட்கம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பிராசோசின் மாதிரி அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. ஒரு தடவை எடுத்துப் பலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் ஆறேழு தடவையாவது சரியான முறையில் முயன்று பார்க்கச் சொல்வார்கள்.

அதற்கும் பலிக்காதவர்களுக்கு ஈப்போவில் நிபுணர் இருக்கிறார். காற்றை உறிஞ்சும் குழாய்க் கருவி, உறுப்பிலேயே போடும் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் அறுவைச் சிகிச்சை என்று படிப்படியாக இருக்கிறது. ஹார்மோன் ஊசி இரத்தத்தில் உண்மையிலேயே குறைவாக இருந்தால் மட்டும்தான், அதைக் காலை நேரத்து இரத்தத்தில் இரண்டு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் கேட்கிறார்கள். சொல்லுங்கள். ஆறு மாதமாகப் புருஷன் திரும்பிப் படுத்துக்கொள்வதை அவர் வேறு மாதிரிதான் புரிந்துவைத்திருப்பார். சாப்பாட்டில் சர்க்கரையைக் குறைப்பதும் மாலையில் நடக்கப் போவதும் அவர் கையும் சேர்ந்தால்தான் நடக்கும்.

கிளினிக் கெசிஹாத்தானில் பதிவு முகப்பில் என்ன சொல்வது என்று தயங்கித்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். அங்கே விவரம் சொல்லத் தேவையே இல்லை. "செக் கென்சிங் மானிஸ், டாரா திங்கி" என்றால் போதும், சர்க்கரையும் அழுத்தமும் பார்க்க வந்தவர் என்று சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். விஷயத்தை உள்ளே டாக்டரிடம் மட்டும் சொல்லுங்கள். இளம் பெண் டாக்டராக இருந்து நாக்கு எழவில்லையென்றால், ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், அல்லது ஆண் டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எடுக்கும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குடித்த காப்பிப் பொட்டலம் வீட்டில் மிச்சம் இருந்தால் அதையும்.